மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்

ஜனவரி 10, புதன்

மைனஸ் முப்பத்தொன்று. கார் கிளம்பியதே பெரிய விஷயம். மதியம் இரண்டு மணிக் குழுவுக்கு ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

அலுவலகத்துக்குப் புது வருடப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. வால்டர் டிக், எழுபத்தெட்டு வயது, தானியக் கிடங்கில் எடை பார்த்தவர், மனைவி ஆக்னஸ். ஈவோன் போத்ரி, அறுபத்தாறு, பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள், கணவர் மார்செல். ரே, ஐம்பத்திரண்டு, நகரப் பேருந்து ஓட்டுகிறான், மனைவி டேமி. நெனிதா, நாற்பத்தொன்பது, முதியோர் இல்லத்தில் வேலை, கணவர் ரோமியோ. க்ளென், அறுபது, மனைவி பெயரை இன்னும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். படிவத்தின் அடியில், 'வழிநடத்துபவர்: லோர்னா ஃப்ரீசன்.' எனக்கு வயது, துணை எதற்கும் கட்டம் கிடையாது. நல்ல படிவம்.

துணையை இழந்தவர்கள் ஆறு பேர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேர் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் வெர்ன் போனபோது ஒன்பது நாள் விடுப்பு எடுத்தேன். பத்தாவது நாள் வந்து வட்டத்தில் உட்கார்ந்து, "இந்த வாரம் யார் தொடங்குறீங்க?" என்று கேட்டேன். அன்றிருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இவர்கள் பிறகு வந்தவர்கள். முதல் வாரம் சொல்லியிருக்கலாம். இரண்டாவது வாரம் சொன்னால் கொஞ்சம் அசிங்கம். இப்போது? இப்போது என்ன சொல்ல.

ஜனவரி 14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. மூன்றே பேர். நான், மகள் ஜானெல், வெர்னின் தம்பி கோர்னி. சாசேஜ், உருளைக்கிழங்கு, வெர்னுக்குப் பிடித்த உலர்பழக் கூழ். வெர்ன் இருந்தபோது நாலு பேர் சாப்பிட்டாலும் சந்தைக்கடை மாதிரி இருக்கும். இப்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அதனால் நான் ஒவ்வொருவராகக் கேட்கிறேன், இந்த வாரம் எப்படிப் போயிற்று என்று.

கோர்னி: "என் முறையா? உருளைக்கிழங்கு நல்லா வெந்திருக்கு. என் முறை முடிஞ்சுது."

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றேன். குழுவில் ஒவ்வொருவர் முறை முடியும்போதும் கேட்கும் கேள்வி. வாயில் அதுவாக வந்துவிடுகிறது.

"இருக்கு அண்ணி. உங்க குழுவுல கைக்குக் கை மாத்துற அந்தக் கல்லை மட்டும் இந்த மேசைக்குக் கொண்டு வந்துடாதீங்க. கூழுல விழுந்தா பல்லு போயிரும்."

ஜானெல் சிரித்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது, மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அவள் முறை வந்ததும், "எல்லாம் சரியா இருக்கு" என்றாள். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஜனவரி 15, திங்கள்

கல்லூரி வகுப்பு. 'சிறு குழுக்கள்', முதலாம் ஆண்டு, இருபத்தெட்டுப் பிள்ளைகள். நான்கு நான்காகப் பிரித்தேன். ஏன் நான்கு என்று ஒரு பெண் கேட்டாள். மூன்றில் ஒருவர் எப்போதும் ஒதுங்கிவிடுவார், ஐந்துக்கு மேல் போனால் ஒருவர் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும் என்றேன். எழுதிக்கொண்டார்கள். எங்கிருந்து படித்தேன் என்று எனக்கே நினைவில்லை. கால் வலிக்கிறது.

ஜனவரி 24, புதன்

இன்று நான் செய்தது சரியில்லை. எழுதி வைக்கிறேன்.

கல் முதலில் வால்டரிடம் போகும். வின்னிபெக் ஏரிக்கரையில் பொறுக்கிய கல், கோழி முட்டை அளவு. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். நடுவில் பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது. கடைசியில் நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

வால்டர் கல்லை இரண்டு தடவை உருட்டினார். "ஆக்னஸோட கோட்டைக் கடைசியில குடுத்துட்டேன். அந்தக் கொக்கியில இப்ப என் தொப்பி தொங்குது. சர்ச் பாட்டுக் குழுவுல திரும்பச் சேர்ந்துட்டேன். அதனால நான் கிளம்பலாம்னு இருக்கேன். விதிப்படி சொல்றேன். இன்னும் மூணு வாரம்."

பன்னிரண்டு வருடம் முன்பு இந்த விதியைப் போட்டது நான்தான். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போனவரிடம் சரியாக விடைபெற வாய்க்கவில்லை. அதனால் குழுவை விட்டுப் போகிறவர் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் ஒவ்வொருவரும் அவரிடம், உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒன்று சொல்வார்கள். பிறகு கேக். திடீரென்று காணாமல் போவது இந்த அறையில் மட்டுமாவது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். வெர்ன் எனக்கு மூன்று நிமிடம்கூடத் தரவில்லை, அது வேறு விஷயம்.

ரே, கல் இல்லாமலே, "என்ன பெருசு, எங்களை விட்டுட்டு எங்க ஓட்டம்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வால்டர் முகம் தெளிவாக இருந்தது. தயாரான மனிதனைப் பார்த்தால் எனக்குத் தெரியும், இருபத்தாறு வருடமாக இதுதானே வேலை.

ஆனாலும் முடிந்த பிறகு நடையில் அவரை நிறுத்தினேன். "மார்ச்ல ஆக்னஸ் பிறந்த நாள் வருதே வால்டர். அதுவரைக்கும் இருந்து பார்க்கலாமே. இந்த மாதிரி நேரத்துல அவசரப்பட்டா மறுபடி சறுக்கிடும்" என்றேன். குரலைக்கூட அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா, நீங்க சொன்னா சரி" என்றார்.

ஆக்னஸுக்காகவா சொன்னேன்? அலுவலக விதி: ஐந்து பேருக்குக் குறைந்து நான்கு வாரம் போனால் குழுவை மூடிவிட வேண்டும். வால்டர் போனால் நாலு. புதன்கிழமை இரண்டு மணிக்கு நான் எங்கே போய் உட்காருவேன்? இதுதான் உண்மை.

ஜனவரி 31, புதன்

க்ளென் வரவில்லை. ஃபோனும் இல்லை.

பிப்ரவரி 7, புதன்

க்ளென்னின் அக்காவைப் பிடித்தேன். "அவனா? அவனுக்கு ஒருத்தி கிடைச்சிட்டா. நடனம் கத்துக்கப் போன இடத்துல. உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்குன்னு சொல்லிட்டுத் திரியிறான்" என்றாள்.

நடனமாம். நல்லா இருக்கட்டும். மூன்று வாரம் முன்பு சொல்லியிருக்கலாம்.

ஆக, வால்டரை நிறுத்தி வைத்தும் நாலுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டு வருடம்.

காலையிலிருந்து யாரும் அதைச் சொல்லவில்லை. கோர்னி வந்தவுடன் வாசல் பனியைத் தள்ளினான், கேட்காமலே. ஜானெல் கூழ் செய்துகொண்டு வந்தாள், நான் செய்வதைவிடக் கெட்டியாக, வெர்ன் செய்வது மாதிரி. மூன்று பேரும் உட்கார்ந்தோம். வெர்னின் நாற்காலியில் கோர்னியின் கோட்டு கிடந்தது.

"இந்த வாரம் எல்லாருக்கும் எப்படி?" என்றேன்.

இன்று போய் இப்படியா கேட்பாள் ஒருத்தி?

கோர்னி தட்டைப் பார்த்தான். "உருளைக்கிழங்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். ஜானெல் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் முறை. அம்மா, உன் வழக்கப்படியே சொல்றேன். இன்னும் மூணு ஞாயிறு. மார்ச் அஞ்சு நான் ஹேலிஃபாக்ஸ் போறேன். அங்க கடல் மீன் ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. நவம்பர்லயே கிடைச்சிருச்சு."

நவம்பர். மூன்று மாதம் என் எதிரில் உட்கார்ந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதைச் சொன்னதுக்கு நன்றி. சொல்றப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

ஜானெல் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கோர்னிதான் பேசினான். "அண்ணி, பொண்ணு மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போறேங்கிறா. நீங்க என்ன, வங்கிக் கவுன்டர்ல உக்காந்திருக்கிற மாதிரி நன்றிங்கிறீங்க?"

ஜானெல் போகும்போது வாசலில் பூட்ஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "கடைசி நாள் ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லணும், அதான உங்க விதி? நீ என்ன சொல்லப் போறேன்னு பார்க்கிறேன். உன் வாயால, உன் முறையில. ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட நீ பேசினதில்ல." குளிர் உள்ளே வராமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

பிப்ரவரி 14, புதன்

மறுபடியும் காரின் வயரைக் கழட்டாமல் எடுத்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது தடவை. என்ஜின் உறையாமல் இருக்க ராத்திரி முழுக்க அதை வீட்டுச் சுவர் மின்சாரத்தில் செருகி வைக்கிறோம், காலையில் கழட்ட வேண்டும். இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம், நான் ஒவ்வொரு காலையும் வாசல்படி இறங்கும்போது உள்ளேயிருந்து வெர்ன், "வயர்!" என்று கத்துவார். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது யாரும் கத்துவதில்லை, நான் பிய்த்துக்கொண்டு போகிறேன்.

குழு முடிந்து வெளியே வந்தால் வால்டர் என் காரின் முன்னால் குனிந்து நிற்கிறார். கையில் பிய்ந்த வயர் முனை.

"வீட்ல கழட்டச் சொல்றதுக்கு ஆள் இல்லையா?"

"மறந்துட்டேன் வால்டர்."

"ஆக்னஸ் போனதுக்கு அப்புறம் நான் மூணு பிய்ச்சேன்" என்றார். வயரை மடித்து முன்கம்பிக்குள் செருகினார், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது, அவள் மட்டும்தான் போட்டாள்.

புதிய வீடு பிடித்தாயா, அங்கே யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா, ஒரு நல்ல ஆதரவு வட்டம் முக்கியம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதரவு வட்டம் என்ற வார்த்தையில் வெடித்துவிட்டாள்.

"அப்பா செத்த அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து எங்க ரெண்டு பேரையும் இந்த மேசையில உக்கார வச்சு, 'யார் முதல்ல பேசுறீங்க'ன்னு கேட்ட. ஞாபகம் இருக்கா? எனக்கு அன்னிக்கு ஒரு அம்மா வேணும்னு இருந்துச்சு. நீ டிஷ்யூ டப்பாவை நடுவுல வச்ச."

வைத்தேன். உண்மைதான். சரியாக நடுவில் வைத்தேன், எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி.

நான் அழுதா நீங்க ரெண்டு பேரும் என்ன ஆவீங்கன்னு பயந்தேண்டி. யாராவது ஒருத்தர் உடையாம உக்காந்திருக்கணும்ல? அது நானா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன். அப்புறம் எப்படி எந்திரிக்கிறதுன்னு தெரியல. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். இங்கே எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 22, வியாழன்

மேலாளர் கெண்ட்ரா கூப்பிட்டாள். நாலு வாரமாக நாலு பேர். மூட வேண்டும். "மூணு கூட்டம் வச்சுக்கோங்க, முறையா முடிச்சிடுங்க லோர்னா. நீங்களும் கொஞ்சம் ஓய்வு எடுங்களேன், பார்க்கவே சோர்வா இருக்கீங்க." நல்ல பெண். அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

கோர்னி, ஜானெல், பெட்டிகள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பிட்சா. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் சரியாக இல்லை.

பிப்ரவரி 28, புதன்

சொல்லிவிட்டேன். இன்றையதைச் சேர்த்து மூன்று கூட்டம்.

ஈவோன் கைப்பையை மூடித் திறந்தாள். நெனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, விடுங்க" என்றாள். ரே: "பஸ்ஸுல நாலு பேர் இருந்தாலும் நான் ஓட்டித்தான் ஆகணும். இவங்க என்ன ஆபீஸ் நடத்துறாங்க?"

மார்ச் 4, ஞாயிறு

கடைசி ஞாயிறு.

வாரம் முழுவதும் தயார் செய்தேன். ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன். கிழித்தும் போட்டேன்.

கோர்னி முதலில் சொன்னான். "உன்கிட்டேர்ந்து நான் எடுத்துக்கிறது, நீ அஞ்சு வயசுல என் லாரிக் கண்ணாடியில ஆணியால கீறின மீன் படம். அதுக்காகவே அந்த லாரியை விக்கல. போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு கழுதை." ஜானெல் எழுந்து போய்ச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவன் மூக்கை உறிஞ்சினான், இறைச்சியில் மிளகு அதிகம் என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். காத்திருந்தாள். தொண்டை வரை வந்தது. போகாதே. நீ போனால் இந்த வீட்டில் சத்தமே இருக்காது. உன் அப்பாவின் சிரிப்பு உனக்கு இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு போகிறாய். எல்லாம் வரிசையாக நின்றது.

"நீ இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறதைப் பார்க்க ரொம்பப் பெருமையா இருக்கு" என்றேன்.

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் அதை. கேக் வெட்டும் நாளெல்லாம்.

"சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

மார்ச் 5, திங்கள்

கோர்னிதான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். எனக்கு வகுப்பு இருந்தது. ரத்து செய்திருக்கலாம், இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கும்பிட்டிருப்பார்கள். செய்யவில்லை.

போன வாரப் பயிற்சித் தாள்களைத் திருத்தினேன். ஒரு குழுவைக் கவனித்து, ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு, யார் யாரிடம் பேசினார்கள் என்று கோடு இழுக்க வேண்டும். ஒரு பையன் எங்கள் வகுப்பையே வரைந்திருக்கிறான். வட்டத்துக்கு வட்டம் கோடுகள், சிலந்தி வலை மாதிரி. மூலையில் தனியாக ஒரு வட்டம், 'ஆசிரியை'. எல்லாக் கோடுகளும் அதற்குள் போகின்றன, ஒன்றும் வெளியே வரவில்லை. அடியில் எழுதியிருக்கிறான்: 'இவர் கேள்வி மட்டும் கேட்கிறார். அதை எப்படி வரைவது என்று தெரியவில்லை.'

முழு மதிப்பெண் போட்டேன். பிறகு வகுப்பறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். துப்புரவு செய்கிற அம்மாள் வந்து, "அப்புறம் வரேன்" என்று வாளியோடு போய்விட்டாள்.

மார்ச் 14, புதன்

கடைசிக் கூட்டம். கேக் ஈவோன் செய்தது.

நால்வரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ரே நெனிதாவிடம், அவள் இறுதிச் சடங்கில் சிரித்துவிட்ட கதையைத்தான் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். சுற்று முடிந்து கல் என்னிடம் வந்தது. வழக்கம்போல் பையைத் திறந்தேன்.

"உள்ள போடாதீங்க" என்றார் வால்டர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஜனவரியில நான் விதிப்படி சொன்னேன். நீங்க இருக்கச் சொன்னீங்க. அது ஆக்னஸுக்காக இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் நாற்பது வருஷம் எடை பார்த்தவன்ம்மா, தராசுல யாராவது கட்டை விரலை வச்சா தெரியும்."

முகம் எரிந்தது. "ஆமா. உங்களுக்காகச் சொல்லல. எனக்காகத்தான் உங்களை நிறுத்தி வச்சேன். தப்பு பண்ணிட்டேன் வால்டர்" என்றேன். அந்த அறையில் நான் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"நெனச்சேன்" என்றார். கோபம் இல்லை.

ஈவோன்: "வெர்னோட சேர்ந்து ஐஸ்ல கர்லிங் ஆடினவன் என் ஒண்ணுவிட்ட தம்பி. அவன்தான் அன்னிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. நான் முதல் நாள் இங்க வந்தப்பவே எனக்குத் தெரியும்."

நெனிதா: "எனக்கு ஈவோன் அக்கா சொன்னாங்க."

ரே: "எனக்குப் பெருசு சொல்லிச்சு, போன மாசம். பார்க்கிங்ல வச்சு. பார்க்கிங்ல பேசினது விதியில வராதுல்ல?"

வால்டர்: "எனக்கு வயர் சொல்லிச்சு."

எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது, எல்லாருக்கும் தெரியும் என்று. ஈவோன் முதல் நாளிலிருந்து, மற்றவர்கள் பிறகு, வாரா வாரம் ஒரு விதவையின் எதிரில் உட்கார்ந்து, அவள் ஒன்றுமில்லாதது போல் கல்லை வாங்கிப் பையில் போடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

"ஏன் யாரும் கேக்கல?" என்றேன்.

நெனிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பேச விருப்பமில்லாதவங்களை வற்புறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டிருக்கீங்க?"

கல் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது, நாலு பேர் சூடு. வாயைத் திறந்தேன். கதவைத் தட்டினார்கள். மூன்றரை மணி உடற்பயிற்சி வகுப்புப் பெண்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். நாற்காலிகளை அடுக்கினோம். கல்லை ரேயிடம் கொடுத்துவிட்டேன், இனி அது எனக்கு எதற்கு? சாவியைக் கெண்ட்ராவிடம் ஒப்படைத்தேன்.

மார்ச் 21, புதன்

இரண்டு மணி. காரை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடம் வரை போய்த் திரும்பினேன். கிறுக்கு.

மார்ச் 29, வியாழன்

ஈவோன் ஃபோன் செய்தாள். நாலு பேரும் போன வாரத்திலிருந்து வால்டர் வீட்டுச் சமையலறையில் கூடுகிறார்களாம். புதன், அதே இரண்டு மணி. "ஒரு ஆள் குறையுது" என்றாள்.

"நான் இனிமே நடத்தக் கூடாது ஈவோன். ஆபீஸ்ல..."

"நடத்த யார் கூப்பிட்டா? அஞ்சு பேர் இருந்தாத்தான் குழுன்னு உங்க ஆபீஸ்தான் சொல்லுது. நாங்க நாலு பேர். எண்ணிக்கைக்கு ஒரு ஆள் வேணும். நீங்கதான் எண்ணிக்கைக்காக ஆள் பிடிப்பீங்களா, நாங்க பிடிக்கக் கூடாதா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு

நானும் கோர்னியும். ஈஸ்டர் ரொட்டி சரியாக எழும்பவில்லை. ஜானெலிடமிருந்து இரண்டு வரிச் செய்தி வந்தது, கடலோரப் படத்தோடு. நானும் இரண்டு வரி அனுப்பினேன்.

கோர்னி பாதி ரொட்டியை வெட்டி எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்றான். "அண்ணி, இன்னிக்கு நீங்க என்னை ஒரு கேள்வியும் கேக்கல. உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

ஏப்ரல் 4, புதன்

போனேன்.

வால்டரின் சமையலறை சின்னது. மேசைக்கு நாலு நாற்காலி, ஐந்தாவதாக ஒரு ஸ்டூல். நான் ஸ்டூலை நோக்கிப் போனேன், ரே முந்திக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டான். வாசல் கொக்கியில் தொப்பி. அடுப்பில் காபி. யாரும் தொடங்கவில்லை. நான் தொடங்குவேன் என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ரே சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்து என் முன்னால் வைத்தான். கையில் தரவில்லை, மேசையில் வைத்தான். எடுப்பதும் தள்ளுவதும் என் விருப்பம்.

எடுத்தேன்.

"என் பேர் லோர்னா. என் வீட்டுக்காரர் வெர்ன். ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு."

வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. எத்தனை பேரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அவர் போனது வியாழக்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பினேன். படியில் இறங்கும்போது உள்ளேயிருந்து, "வயர்!" என்று கத்தினார். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினேன், சரி சரி என்று. மதியம் கர்லிங் அரங்கில் விழுந்துவிட்டார். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் கடைசியாக அவர் என்னிடம் சொன்ன சொல் அது. வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இரண்டு வருடம் அவர் மேல் கோபமாக இருந்தேன். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நெனிதாவுக்கும் வந்தது. பிறகு சிரிப்பு இல்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். யாரும் புத்தி சொல்லவில்லை, டிஷ்யூ டப்பா நகர்த்தவில்லை. ஈவோன் கை என் முதுகில் இருந்தது, விதிப்படி அது கூடாது.

ஜானெலைப் பற்றியும் சொன்னேன். கடைசி ஞாயிறு நான் சொன்ன அந்த வாக்கியத்தையும்.

ரே கல்லைத் திரும்ப வாங்கும்போது, "ஹேலிஃபாக்ஸுக்கு ஃபோன் போகும்ல?" என்றான்.

"புத்தி சொல்லக் கூடாது" என்றார் வால்டர்.

"நான் சந்தேகம்தான் கேட்டேன், பெருசு."

ஏப்ரல் 8, ஞாயிறு

பனி உருகி வாசல் எல்லாம் சேறு. இனி இந்த வருடம் தேவைப்படாது. காரின் வயரைத் துடைத்து, சுருட்டி, வெர்ன் அடித்த ஆணியில் மாட்டினேன்.

பதினொரு மணிக்கு ஜானெலைக் கூப்பிட்டேன். "எப்படி இருக்கே" என்று கேட்கவில்லை. "இன்னிக்கு என் முறை. நீ கேட்டா போதும்" என்றேன்.

அந்தப் பக்கம் கடற்பறவை ஒன்று கத்தியது.

அப்பா கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன். டிஷ்யூ டப்பாவைச் சொன்னேன், ஏன் வைத்தேன் என்றும். நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காவிட்டாலும் நீ அங்கேதான் இருக்க வேண்டும், விமான நிலையத்துக்கு வராதது பயத்தில்தான், வகுப்பு ஒரு சாக்கு என்று சொன்னேன். நடுவில் இரண்டு தடவை குரல் போய்விட்டது. அவள் பேசி நிரப்பவில்லை. காத்திருந்தாள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்த வாசனை வந்தது, போய் அணைக்கவில்லை.

நிறுத்தினேன். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது, யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

"அம்மா" என்றாள். "இன்னும் ஏதாவது இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"சொல்லு."